பெரியம்மாவுக்கு வந்த டங்

வண்டியில் புதுச் சத்தம் கேட்டால் எந்த டிரைவருக்கும் பட்டறைச் செலவுதான் கண்முன் வரும். எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிக்னலில் நின்றுவிட்டு, கியர் போட்டு, கிளட்சை விட்டதும் கீழே எங்கிருந்தோ "டங்" என்றது. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் தன் வண்டியிலிருந்துதான் ஏதோ விழுந்துவிட்டதென்று குனிந்து தேடினார். நான் அடுத்த சிக்னல் சிவப்பாக விழ வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே போனேன். விழுந்தது. அங்கேயும் "டங்". போதும், பட்டறைக்குப் போக எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

என் லாரிக்குப் பெயர் பெரியம்மா. நான் வைத்ததுதான். வயசாகிவிட்டது, உடம்பு பெருத்துவிட்டது, மேடு ஏறும்போது முனகும், பின்னால் யார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் தான் நினைத்தபோதுதான் வழிவிடும். ஆனால் எத்தனை செங்கல் ஏற்றினாலும் மறுபேச்சில்லாமல் சுமக்கும். வேறு என்ன பெயர் வைப்பது? எனக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ஒட்டடை. ஆள் நெட்டை, உடம்பில் சதை கிடையாது, எந்தக் கூரைக்குள் நுழைந்தாலும் தலையில் நூலாம்படையோடுதான் வெளியே வருவேன். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. செங்கல் ஏற்றுவது, இறக்குவது, நடுவில் பெரியம்மாவோடு பேசுவது என்று என் குடும்ப வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையை நடத்துகிறவர்கள் அண்ணனும் தம்பியும். பெரியவர், சின்னவர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பெரியவர் குள்ளம், படபடவென்று பேசுவார். சின்னவர் ஆஜானுபாகு, ஒரு சொல்லைச் சொல்வதற்குள் தேநீர் ஆறிவிடும். ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து ஒரு லாரியைப் பிரித்து மாட்டுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவருடைய கியர் பாக்ஸ் வழியில் உடைந்துபோக, வண்டிக்காரர் வந்து இது யார் செய்த வேலை என்று கேட்க, இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் பட்டறையைப் பிரிப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இவர்கள் பட்டறையைப் பிரிக்கவில்லை, லாரியைப் பிரித்தார்கள். தரையில் குறுக்கே மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டார்கள். வருகிற வண்டி கோட்டின் மேல் பாதிக்குப் பாதியாக நிற்க வேண்டும். முன்பாதி பெரியவருடையது: இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ். பின்பாதி சின்னவருடையது: பின் அச்சு, பாரம் தாங்கும் வில் பட்டை, சக்கரம். அப்பன் சொத்தைப் பிரித்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் லாரியைப் பிரித்துக்கொண்டவர்களை அங்கேதான் பார்த்தேன்.

ஒருவர் வாயிலிருந்து 'ஆம்' வந்தால் மற்றவர் வாயிலிருந்து 'இல்லை' வரும். பெரியவர் சுவருக்கு நீலம் அடிக்கலாம் என்றார், உடனே சின்னவருக்குப் பச்சை பிடித்துப்போனது. சுவர் இன்றைக்கும் பாதி நீலம், பாதி பச்சை. பெரியவர் தேநீருக்குச் சர்க்கரை போடச் சொன்னால், இனிப்புக்கு உயிரைவிடும் சின்னவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சர்க்கரை இல்லாமல் குடிப்பார்.

இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில்தான் அவர்களுடைய தங்கை இருந்தாள். பட்டறையின் ஓரத்தில், சரியாகக் கோடு போய் முடிகிற இடத்தில், அவளுடைய லேத் அறை. இரும்பைக் கடைவது, பேரிங் அமுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. அதற்கு மேல் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பெரியவர் தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "தங்கச்சி, அங்க சொல்லு" என்பார். அவள் லேத்தை நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்வாள். சின்னவர், "தங்கச்சி, அங்க கேளு" என்பார். அவள் திரும்பி வந்து கேட்பாள். இருவரும் பத்தடி தூரத்தில்தான் இருப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது.

ஆனால் அவள் சும்மா இடி வாங்குகிற ஆள் இல்லை. சொல்கிற சேதியையும் கொஞ்சம் கடைந்துதான் கொடுப்பாள். "அந்த மடையன்கிட்ட என் ஜாக்கியத் திருப்பித் தரச் சொல்லு" என்று இங்கே கிளம்புவது, அங்கே போய்ச் சேரும்போது "சின்னண்ணே, ஜாக்கி வேலை முடிஞ்சுதான்னு கேட்டாங்க" என்று வழவழவென்று இருக்கும்.

நான் அவளிடம் விழுந்தது ஒரு இரும்பு முளையால். பெரியம்மாவின் பின் கதவுக்கு ஒரு முளை வேண்டியிருந்தது. கடைந்து, அளந்து, ஊதி, என் கையில் வைத்து, "இது ஒடையாது. நீங்களா ஒடச்சாத்தான் உண்டு" என்றாள். சூடு ஆறாத முளை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் நான்கு கதவு இருக்கிற வண்டிக்குத் தேவையான முளைகளை ஒரே கதவுக்குச் செய்து வாங்கினேன். கடைசியில் ஒரு நாள், அண்ணன்கள் காதில் விழாமல் இருக்கட்டும் என்று, லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன். அவள் காதிலும் விழவில்லை. என்ன என்றாள். திரும்பக் கேட்டேன். என்ன அளவு என்றாள். மூன்றாவது தடவை தொண்டை கட்டிப்போகும்படி சொன்னபோது விழுந்தது. லேத்தை அணைத்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"எனக்கு இஷ்டந்தான். ஆனா ரெண்டு அண்ணனும் சேர்ந்து சரின்னு சொல்லணும். ஒருத்தர் சரின்னு, ஒருத்தர் கூடாதுன்னா நான் இந்த வாசலத் தாண்ட மாட்டேன்."

தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கினால் என்ன என்றேன். முதலில் கேட்கப்பட்டவர் எதைச் சொல்கிறாரோ, அதற்கு நேர் எதிராக இரண்டாமவர் சொல்வார் என்றாள். அது எனக்கும் தெரியும். நீலமும் பச்சையுமாகச் சுவர் எதிரிலேயே நின்றது. பிறகு அவள் பிரஷ்ஷால் இரும்புத் துருவலைக் கூட்டிக்கொண்டே, "நான் போயிட்டா இங்க யார் யார்கிட்டப் பேசுவா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிரஷ் நின்றுவிட்டது.

இந்த நிலைமையில்தான் பெரியம்மா "டங்" என்றாள். வயசானவர்களுக்குத்தான் சமய சந்தர்ப்பம் தெரியும்.

பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனால் அவர் வண்டியைத் தொடமாட்டார். டிரைவர் முதலில் அந்தச் சத்தத்தை வாயால் சொல்ல வேண்டும். அது அவருடைய முறை. டங் என்றால் ஒரு வியாதி, டொங் என்றால் வேறொரு வியாதி, கடக் என்றால் கிளட்ச், லொடக் என்றால் ஜாயின்ட். நான் இதற்காக முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். லேத் அறைக் கதவு திறந்திருந்தது. எனவே கொஞ்சம் ராகத்தோடு சொன்னேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கேட்காமலே இன்னும் நாலைந்து தடவை சொன்னேன், ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பிரமாதம். பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு, முதலாவது டங்கா, மூன்றாவது டங்கா, எது வண்டியோடது என்றார். நான் அசடு வழிந்தேன்.

சரி, ஓட்டிக் காட்டு என்று கேபினில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை வரை போய், நின்று, கிளம்பி, ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி வந்தோம். கிளம்பும்போதெல்லாம் டங். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சந்தேகமே இல்லை, சத்தம் பின்னாலிருந்து வருகிறது, இது சின்னவன் பாதி என்றார். சொல்லி அனுப்பினார். அவள் போய்ச் சொன்னாள்.

சின்னவர் கேபினில் ஏறமாட்டார், அது முன்பாதி. பின்னால் செங்கல் ஏற்றுகிற தொட்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பல் தலைவனைப் போல நின்றுகொண்டு வந்தார். அதே தெருமுனை, அதே டங். இறங்கி நிதானமாக வாயைத் திறந்து, சந்தேகமே இல்லை, சத்தம் முன்னாலிருந்து வருகிறது என்றார். அவள் வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து நான் உள்ளூரச் சிறகடித்தேன். தன் பாதியில் குறை இல்லை என்று காட்டுவதற்காகப் பெரியவர் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றினார். ஓட்டிப் பார்த்தோம், டங். சின்னவர் விடுவாரா? பட்டைகளைப் பிடிக்கிற யூ போல்ட் அத்தனையையும் கழற்றிப் புதிதாகப் போட்டு இறுக்கினார். டங். பெரியவர் கிளட்ச் பிளேட்டைத் திறந்தார். சின்னவர் பின் அச்சின் பல்சக்கரங்களைத் திறந்தார். இப்படியே பெரியம்மாவுக்கு முன்னாலும் பின்னாலும் இளமை திரும்பிக்கொண்டிருந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், நான்தான் கூத்தாடி. நாள் தவறாமல் பட்டறை. நாள் தவறாமல் லேத் அறை வாசலில் ஒரு ஸ்டூல். அவள் கடைந்துகொண்டிருப்பாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன், யாராவது வந்தால் நூலாம்படையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பேன்.

"வண்டி சரியாகலைன்னு இவ்ளோ சந்தோஷமாச் சொல்ற ஆள என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல" என்றார் பெரியவர் ஒரு நாள், என்னை ஏற இறங்கப் பார்த்து. நான் முகத்தைத் தொங்கப்போட முயன்றேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

கூத்து முடிவுக்கு வந்தது ஒரு மேட்டில். முழுச் சுமை செங்கலோடு பாதி மேட்டில் நின்று கிளம்பினேன். இந்தத் தடவை டங் இல்லை, "டடாங்". கேபின் தரை காலுக்கடியில் குதித்தது. கியர் ராடு பக்கத்தில் ஒரு பழைய ஓட்டை உண்டு, அதன் வழியாகப் பார்த்தால் கீழே சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, நடந்ததை அவளிடம் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெளையாட்டா இருக்கா உங்களுக்கு? ஷாஃப்ட் கழண்டு ரோட்டுல குத்துனா வண்டி குப்புற விழும். நீங்க போய்ச் சேர்ந்துட்டா நான் அப்புறம் யாரக் கட்டிக்கிறது?"

திட்டுத்தான். ஆனால் எனக்கு அதில் பின்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. ஈயென்று இளித்துக்கொண்டு நின்றவனை அவள் ஸ்டூலில் பிடித்து உட்கார வைத்தாள். லேத் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு லாரியை வரைந்தாள். பெரியம்மாவைவிட லட்சணமாக இருந்தது.

"பெரியண்ணன் பொய் சொல்ல மாட்டார். சின்னண்ணனும் சொல்ல மாட்டார். முன்னாடி உக்காந்தவருக்குச் சத்தம் பின்னாடி கேக்குது. பின்னாடி நின்னவருக்கு முன்னாடி கேக்குது. அப்ப அது எங்க இருக்கும்?"

நான் தூசி லாரியைப் பார்த்தேன். அவள் விரல் சரியாக நடுவில் வந்து நின்றது. கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் நீளமானது, அதனால் இரண்டு துண்டாக இருக்கும். துண்டுகள் சேருமிடத்தில் ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர், அதைத் தாங்கி வண்டியின் வயிற்றோடு பிடித்துவைக்கும் ஒரு இரும்புப் பட்டி. சென்டர் பேரிங் என்பார்கள். பட்டறையில் வண்டி நிற்கும்போது அது சரியாக மஞ்சள் கோட்டுக்கு மேலே தொங்கும். முன்பாதியும் இல்லை, பின்பாதியும் இல்லை. மூன்று வருஷமாக அது யாருடையதும் இல்லை.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இத்தனை நாளாக முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் மாறிமாறிக் கேட்ட சேதியை முழுசாகக் கேட்டவள் இவள் ஒருத்திதான். உடனே போய்ச் சொல்லிவிடலாமே என்று எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் போய்ச் சொன்னால் நீ அவன் பக்கம் சேர்ந்துவிட்டாய் என்று பெரியவர் சொல்வார், சின்னவரும் அதையேதான் சொல்வார். ஒருவர் மட்டும் முதலில் பார்த்துவிட்டால், அது மற்றவருடைய தப்பு என்பார், மற்றவர் இல்லவே இல்லை என்பார், பழைய கியர் பாக்ஸ் கதைதான் மறுபடியும். இருவரும் ஒரே நேரத்தில், தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

என் கல்யாணத்துக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே வியாதி என்று எனக்கு அப்போது தோன்றியது. அவளிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு போய் வண்டியைக் கோட்டின் மேல் நிறுத்தச் சொன்னாள்.

மறுநாள் மதியம் அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சேதியில் சொந்தமாக ஒரு பொய் சேர்த்தாள். பெரியவரிடம், சின்னண்ணன் சாப்பிடப் போய்விட்டார், வண்டிக்கு அடியில் ஆளில்லை, நிம்மதியாக ஒரு தடவை முழுசாகப் பாருங்கள் என்றாள். சின்னவரிடம் போய் அதையே பெரியவர் பெயரில் சொன்னாள். மற்றவர் இல்லாதபோது எல்லை தாண்டிப் பார்க்க இருவருக்குமே ரகசிய ஆசை இருந்திருக்கிறது, கேட்டதும் கிளம்பிவிட்டார்கள். நான் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, கேபினில் ஏறி இன்ஜினை ஓடவிட்டேன். அவள் லேத் அறை வாசலில் துண்டோடு நின்றாள். துண்டு ஆடினால் நான் கியர் போட்டு, வண்டி நகராமல், கிளட்சைப் பாதி மட்டும் விட வேண்டும்.

பெரியவர் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, பம்பருக்குக் கீழே தலையை நுழைத்தார். அவர் கால்கள் மறைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் சின்னவருடைய பெரிய பாதங்கள் பின்னால் மறைந்துகொண்டிருந்தன. இரண்டு பலகைகளும் உருளும் சத்தம். பிறகு பொத்தென்று தேங்காயும் தேங்காயும் மோதின மாதிரி ஒரு சத்தம்.

இரண்டு மண்டைகளும் நடுவில் சந்தித்துவிட்டன. இப்போது ஒருவர் சரேலென்று பின்வாங்கினால் என் வாழ்க்கை முடிந்தது. பிரம்மச்சாரியாகவே செங்கல் ஏற்றி இறக்கிச் சாவேன். வாசலைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் துண்டு ஆடியது. கியரைப் போட்டேன். கிளட்சைப் பாதி விட்டேன்.

"டங்."

ரிவர்ஸ். "டங்."

தரை ஓட்டை வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. முதலில் பெரியவர் குரல். அதில் அவருடைய வழக்கமான படபடப்பு இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு."

சின்னவர் ஓட்டையைப் பார்த்துச் சொன்னார், நான் போட்டேன். இரண்டு மூக்குகளுக்கும் நேர் மேலே ஷாஃப்ட் எகிறி, இரும்பில் இடித்து, விழுந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். கடப்பாரையால் நெம்புகிற சத்தம் கேட்டது.

"ரப்பர் பூராக் கிழிஞ்சு போச்சு. போல்ட்டப் பாரு, வெரலாலயே சுத்துது. யாருடா இத இறுக்குனது?"

"நீங்க இறுக்கியிருப்பீங்கன்னு நெனச்சேண்ணே."

"நான் நீ இறுக்கியிருப்பேன்னு நெனச்சேன்."

போன வருஷம் இதே பட்டறையில்தான் ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டினார்கள். பெரியவர் கோடு வரைக்கும் மாட்டிவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் தம்பியுடையது என்று கையை எடுத்துக்கொண்டார். சின்னவர் கோடு வரைக்கும் மாட்டிவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் அண்ணனுடையது என்று எடுத்துக்கொண்டார். இருவரும் வேலையில் குறை வைக்கிறவர்கள் இல்லை. ஒருவர் எல்லையில் ஒருவர் கைவைக்காமல் அவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டதால்தான் நான் அந்த மேட்டில் சாகப் பார்த்தேன்.

முதலில் சிரித்தது சின்னவர். மெதுவாகப் பேசுகிறவர் மெதுவாகத்தான் சிரிப்பார். கீழேயிருந்து இருமல் மாதிரி ஆரம்பித்து, பலகை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. பிறகு பெரியவர். சிரிக்கிற வேகத்தில் இருவரும் மறுபடியும் மண்டையை மோதிக்கொண்டார்கள், அதற்கு இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சண்டை தொடங்கியது. மூன்று வருஷத்துச் சண்டை பாக்கி இருக்கிறதே! அந்தக் கியர் பாக்ஸ், ஜாக்கி, நீலம், பச்சை, சர்க்கரை இல்லாத தேநீர் எல்லாம் வந்தது. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே, அச்சைப் பார்த்துக்கொண்டு, நீ அப்படிச் சொன்னாய், நீங்கள் இப்படிச் செய்தீர்கள் என்று பொரிந்து தள்ளினார்கள். இவ்வளவு இன்பமான சண்டையை நான் கேட்டதே இல்லை. "தங்கச்சி, அங்க சொல்லு" என்று ஒரு தடவைகூட வரவில்லை.

அவள் வாசலில் தூக்கிய துண்டை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

ஒருவழியாக இருவரும் ஒரே பக்கமாக உருண்டு வெளியே வந்தார்கள். முகம் முழுக்கக் கிரீஸ், நெற்றியில் ஆளுக்கொரு புடைப்பு. இதுதான் நேரம். இதற்காக நான் ஒரு பேச்சைத் தயார் செய்து, டங்கைப் போலவே கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். பதற்றத்தில் முழங்கை ஹாரனில் பட்டு, பெரியம்மாதான் எனக்காக நீளமாக ஒரு சத்தம் கொடுத்தாள். அண்ணனும் தம்பியும் துள்ளி விழுந்தார்கள்.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியண்ணே, சின்னண்ணே, எனக்கு இவரப் புடிச்சிருக்கு. கட்டிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்லுங்க."

பெரியவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். சின்னவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர், நீ என்னடா சொல்கிறாய் என்றார். சின்னவர், நீங்கள் மூத்தவர், நீங்கள் சொல்லுங்கள் என்றார். உன்னைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்வது என்றார் இவர். உங்களை மீறி நான் எப்படிச் சொல்வது என்றார் அவர். போச்சுடா. இத்தனை நாள் வீம்பில் மாட்டிக்கிடந்த என் கல்யாணம் இப்போது மரியாதையில் மாட்டிக்கொண்டது. இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீ கொஞ்சம் இவருக்கு" என்றும் "தங்கச்சி, இவன்கிட்ட" என்றும் ஆரம்பித்தார்கள்.

"முடியாது" என்றாள் அவள். "நான் இனிமே யார் சொன்னதையும் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்கங்க."

அவளை அண்ணன்கள் அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. பெரியவர் தம்பியின் தோளில் எட்டிக் கைபோட்டு அந்தப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். டயர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று என்னவோ பேசினார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஓட்டை கேபின் தரையில்தானே இருக்கிறது, அங்கேயா இருக்கிறது? சின்னவர் தலையை ஆட்டினார், அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கிரீஸ் இன்னும் பரவியது. நான் உலகத்தில் உள்ள எல்லா நல்ல சொற்களையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தார்கள். கேபினுக்குக் கீழே நின்று இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"மாப்ள, எறங்கி வாங்க" என்றார் பெரியவர்.

"மாப்ள, பாத்து, தலை இடிக்கும்" என்றார் சின்னவர்.

இடித்தது. எனக்கு வலிக்கவே இல்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியாது, படியில் கால் வைத்ததாக ஞாபகம் இல்லை. இரண்டு மச்சான்களும் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் வெள்ளைச் சட்டை கறுப்பானது. நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

சந்தோஷம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். அவர்கள் உடனே புது சென்டர் பேரிங்கைத் தேடி எடுத்து, மறுபடியும் பெரியம்மாவின் அடியில் நுழைந்துவிட்டார்கள். நான் லேத் அறைக்குப் போனேன். அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள். துண்டால் கண்ணைத் துடைத்திருப்பாள்போல, கன்னமெல்லாம் எண்ணெய்க் கறை. என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. அங்கயும் இங்கயும் நடந்து நடந்து, மூணு வருஷமாக் கால் வலிங்க. இன்னிக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே பெரியவர் உரக்க, ஸ்பேனர் வேண்டும் என்று கத்தினார். பழக்க தோஷத்தில் அவள் பாதி எழுந்துவிட்டாள். "இந்தாங்கண்ணே" என்று சின்னவர் குரல் கேட்டது. அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.